வீல்சேர் நுழையாத கதவு: சுவரை உடைக்கலாமா, வேண்டாமா?

கேள்வி, ஜனவரி 6

அப்பாவுக்குப் பக்கவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். வீல்சேர் ஹாலுக்குள் வருகிறது, பெட்ரூமுக்குள் இடித்துக்கொண்டு போகிறது, பாத்ரூமுக்குள் போகவே இல்லை. பாத்ரூம் கதவு 2½ அடி, வீல்சேர் 25½ இஞ்ச். கணக்குப்படி நுழைய வேண்டுமே? கொத்தனார் "அரை நாள் வேலை, இடிச்சிரலாம்" என்கிறார். இடிக்கச் சொல்லலாமா? நாமே செய்ய முடிகிற வேலையா இது?

பதில், ஜனவரி 6, இரவு

இன்னும் இடிக்கச் சொல்லாதீர்கள். முதலில் டேப்பை எடுங்கள்.

நம் ஊரில் 2½ அடி கதவு என்று சொல்வது நிலையின் வெளியளவு. அதாவது சுவரில் விட்டிருக்கும் திறப்பு. மரநிலை என்றால் இரண்டு பக்கமும் மூன்று மூன்று இஞ்ச் மரம் நிற்கும். 30-இல் 6 போனால் 24. கதவைத் திறந்து 90 டிகிரியில் நிறுத்தினால் கதவின் கனம் இன்னும் ஒரு முக்கால் இஞ்சைத் தின்றுவிடும் (காடியில் உட்காரும் அரை இஞ்ச் போக மீதி). ஆக உங்களுக்குக் கிடைப்பது 23¼ இஞ்ச். 25½ இஞ்ச் வண்டி அதில் எப்படிப் போகும்?

பெட்ரூம் கதவுக்கும் இதே கணக்குதான். மூன்றடி நிலை என்றால் உள்ளே 30, கதவு போக 29¼. வண்டி போகும், ஆனால் சக்கரத்தைப் பிடித்துத் தள்ளுகிற விரல்களுக்கு ஒவ்வொரு பக்கமும் இரண்டு இஞ்ச்கூட இல்லை. கதவில் தாழ்ப்பாளோ கைப்பிடியோ துருத்திக்கொண்டிருந்தால் அதிலும் இடிக்கும். அப்பா தானே சக்கரத்தைச் சுற்றுகிறாரா, நீங்கள் பின்னாலிருந்து தள்ளுகிறீர்களா என்பதைப் பொறுத்து இது பெரிய விஷயம், அல்லது சின்ன விஷயம்.

அளந்துவிட்டுச் சொல்லுங்கள். கதவைத் திறந்து வைத்து, கதவின் முகத்திலிருந்து எதிர்நிலையின் முகம் வரை. அந்த ஒரு எண்தான் வேண்டும்.

ஜனவரி 7

சுவரைத் தொடாமலே கிடைக்கிற இஞ்ச்கள் சில உண்டு, அவற்றை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். கதவு 90 டிகிரியோடு நிற்பது பல வீடுகளில் பின்னால் இருக்கும் பீரோவால்தான். பீரோவை நகர்த்தினால் கதவு சுவரோடு சுவராய் மடங்கும், முக்கால் இஞ்சும் தாழ்ப்பாள் தொல்லையும் ஒன்றாய்ப் போகும். மடங்க இடமே இல்லாத மூலையில் ஆஃப்செட் கீல் போடலாம், அது கதவைத் திறப்புக்கு வெளியே ஒதுக்கி நிறுத்தும். கனமான கதவுக்கு மூன்று கீல் கட்டாயம்.

பாத்ரூமுக்கென்று தனியாக கமோடு வைத்த சின்னச் சக்கர நாற்காலி இருக்கிறது. சில மாடல்கள் சாதாரண வீல்சேரைவிட மூன்று நான்கு இஞ்ச் குறுகல். 23¼-இல் அது நுழைந்துவிடும். ஆனால் கட்டிலிலிருந்து அதற்கு ஒருமுறை, திரும்ப ஒருமுறை என்று ஆளைத் தூக்கி மாற்ற வேண்டும். தூக்குகிறவருக்கு எவ்வளவு வயது என்பதையும் யோசியுங்கள்.

ஜனவரி 9

எங்கள் வீட்டுக் கதையைக் கேட்டிருக்கிறீர்கள், சொல்கிறேன்.

திருச்சியில் எண்பதுகளில் கட்டிய வீடு. அத்தைக்கு (என் மாமியார்) இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. ஆரம்பத்தில் நானும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடித்துத்தான் பாத்ரூமுக்குக் கூட்டிப் போனோம். அத்தை ஒன்றும் சொல்ல மாட்டார். தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். எங்களை எழுப்பக் கூடாதென்று சாயங்காலத்துக்குமேல் ஒரு வாய் தண்ணீர்கூட இல்லை. அது தெரிந்த அன்றைக்குத்தான் இந்தச் சுவரை என்ன செய்யலாம் என்று பார்க்க ஆரம்பித்தேன். இந்த வேலையை நான் இவ்வளவு பிடிவாதமாகப் பேசுவதற்குக் காரணம் அதுதான். வயதானவர் தன் வீட்டில் தானாகப் பாத்ரூமுக்குப் போய்வருவது வசதி இல்லை, மரியாதை.

இரண்டு கதவு. பெட்ரூம் கதவு 9 இஞ்ச் சுவரில், பாத்ரூம் கதவு 4½ இஞ்ச் சுவரில். பாத்ரூம் கதவை அகலப்படுத்தினோம். பெட்ரூம் சுவரைத் தொடவில்லை. ஏன் தொடவில்லை என்பதுதான் நீங்கள் எல்லோரும் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி, அதை நேரம் எடுத்து எழுதுகிறேன்.

ஜனவரி 14

பொங்கல் வேலைக்கு நடுவில் எழுதுகிறேன், நீளமாகப் போகும்.

கதவுக்கு மேலே பாருங்கள். ஏழடி உயரத்தில், நிலைக்கு மேல், பூச்சுக்கு உள்ளே லிண்டல் இருக்கிறது. மேலே உள்ள செங்கல்லின் எடையை வாங்கி இரண்டு பக்கச் சுவரில் இறக்குவது அதுதான். 2½ அடி திறப்பின் லிண்டல் பக்கத்துக்கு ஆறு இஞ்ச் சுவரில் உட்கார்ந்திருக்கும், நல்ல வேலையாக இருந்தால். நீங்கள் ஒரு பக்கம் சுவரைப் பத்து இஞ்ச் செதுக்கினால் அந்தப் பக்கம் லிண்டலுக்குக் கீழே ஒன்றுமே இருக்காது. "அரை நாள் வேலை" என்கிற கொத்தனாரிடம் இதைத்தான் கேட்க வேண்டும்: லிண்டலை என்ன செய்யப் போகிறீர்கள், அண்ணா? பதில் தெளிவாக வந்தால் மேலே பேசலாம். "அதெல்லாம் நிக்கும்மா" என்று வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

செங்கல் சுவரில் திறப்புக்கு மேலே எல்லா எடையும் நேரே கீழே இறங்குவதில்லை. ஒரு முக்கோண அளவு செங்கல்தான் லிண்டல்மேல் சாயும், மீதி இரண்டு பக்கமும் வளைந்து இறங்கிவிடும். சில கொத்தனார்கள் லிண்டல் இல்லாமலே உடைத்தும் சுவர் நிற்பதற்குக் காரணம் இதுதான். நிற்கும், ஒரு மழைக்காலம் வரை. அப்புறம் நிலையின் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் ஏறும்.

அடுத்தது சுவர் எதைத் தாங்குகிறது. தூண், பீம் வைத்துக் கட்டிய வீட்டில் உள்சுவர் தன் எடையை மட்டும் தாங்கும். எங்கள் வீடு மாதிரி பழைய வீடுகளில் தூணே கிடையாது, மேல்தளம் முழுக்க 9 இஞ்ச் சுவர்கள்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. மாடியில் அதே இடத்தில் இன்னொரு சுவர் இருந்தால் அந்த எடையும் சேரும். 4½ இஞ்ச் சுவர் பெரும்பாலும் தடுப்புச் சுவர்தான், ஆனாலும் "பெரும்பாலும்" என்பதை நம்பி உளியை எடுக்காதீர்கள். வரைபடம் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு ஒரு சிவில் இன்ஜினியரை வீட்டுக்கு வரவழையுங்கள். அந்தச் செலவை மட்டும் மிச்சம் பிடிக்க நினைக்க வேண்டாம்.

மூன்றாவதுதான் எங்கள் பெட்ரூமைக் காப்பாற்றியது: லாஃப்ட். கதவுக்குமேல் பாத்திரம், மெத்தை, கொலு பொம்மை எல்லாம் ஏற்றி வைக்கிற கான்கிரீட் பரண் இருக்கிறதே, பல வீடுகளில் அது லிண்டலோடு சேர்த்து ஒரே வார்ப்பாகப் போட்டது. முன்னால் தூணும் இல்லை, கட்டித் தொங்கவிட்ட கம்பியும் இல்லை. பின்னால் லிண்டல்மேல் ஏறியிருக்கும் சுவரின் எடைதான் அது கவிழாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த லிண்டலை வெட்டினால், அல்லது அதன்மேலிருக்கும் செங்கல்லை எடுத்தால், பரண் அப்படியே முன்னால் கவிழும். கீழே நிற்பது நீங்கள். ஜன்னலுக்கு வெளியே இருக்கும் சன்ஷேடும் இதே கதைதான்.

இன்ஜினியர் வந்து பரணை நிமிர்ந்து பார்த்ததுமே "இந்தச் சுவர் வேண்டாம்மா, வேற வழி பார்ப்போம்" என்றார். பீரோவை நகர்த்தினோம், ஆஃப்செட் கீல் போட்டோம், உள்தாழ்ப்பாளை எடுத்துவிட்டு மரத்தோடு பதிந்த வகை ஒன்று போட்டோம். முப்பது இஞ்ச் கிடைத்தது. எங்களுக்குப் போதும்.

ஜனவரி 15

நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மதுரையிலிருந்து ஒருவர் நினைவுபடுத்தினார். நான் சொன்னது தனித்தனியாக உட்கார்ந்த லிண்டல். வீடு முழுக்க எல்லாச் சுவரிலும் ஒரே பட்டையாக ஓடுகிற ரன்னிங் லிண்டல் உள்ள வீடுகள் நிறைய. அது எடை தாங்க மட்டுமில்லை, நில அதிர்வில் நான்கு சுவரையும் சேர்த்துக் கட்டிப் பிடிப்பதும் அதுதான். அதை அறுக்கவே கூடாது. நல்ல செய்தி என்னவென்றால், அது இருந்தால் கொஞ்சம் அகலப்படுத்தப் புது லிண்டல் தேவைப்படாமல் போகலாம். ஆனால் திறப்புக்கு மேலே போட்ட அளவு கம்பி மற்ற இடத்திலும் ஓடுகிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. இன்ஜினியர் பார்த்துச் சொல்லட்டும்.

ஜனவரி 18

எவ்வளவு அகலம் வைக்கலாம்? மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் 2021-இல் வெளியிட்ட அணுகல்தன்மை வழிகாட்டியில் கதவின் சுத்தமான திறப்பு குறைந்தது 900 மி.மீ. என்று இருக்கிறது. 36 இஞ்சுக்குக் கொஞ்சம் குறைவு. அமெரிக்க விதியில் 32 இஞ்ச். சொந்த வீட்டை யாரும் வந்து அளக்கப் போவதில்லை, ஆனாலும் 36-ஐக் குறிவைத்து ஆரம்பியுங்கள். முக்கியமாக, கதவுக்கு முன்னால் குறுகலான நடை இருந்தால். நேராக வந்து நுழைகிற கதவு வேறு, மூன்றடி நடையில் வந்து சட்டென்று திரும்பி நுழைகிற கதவு வேறு. இரண்டாவதுக்கு 32 போதாது. ஹால் தரையில் சாக்பீஸால் நடையையும் கதவையும் வரைந்து வண்டியை ஓட்டிப் பாருங்கள், ஒரு செங்கல்கூட உடைக்காமல் தெரிந்துவிடும்.

எங்களுடையது: உள்ளே 36, இரண்டு பக்கமும் 2½ இஞ்ச் முகமுள்ள டபிள்யூ.பி.சி. (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த) நிலை, ஆக சுவரில் 3 அடி 5 இஞ்ச். பாத்ரூமுக்கு மரநிலை வேண்டாம் என்பது என் கருத்து. எங்கள் பழைய நிலையின் அடிப்பாகம் ஒரு சாண் உயரத்துக்குக் கறையான் தின்றும் ஊறியும் விரலால் கிள்ளினால் வருகிற நிலையில் இருந்தது.

ஜனவரி 26

புது லிண்டலை மொட்டை மாடியில் தரையிலேயே வார்த்தோம். இதை நாமே செய்யலாம். இன்ஜினியர் கொடுத்தது 4½ இஞ்ச் அகலம், 6 இஞ்ச் உயரம், நீளம் 4 அடி 5 இஞ்ச் (திறப்பு, அதோடு பக்கத்துக்கு ஆறு இஞ்ச்). கீழே 10 மி.மீ. கம்பி இரண்டு, மேலே 8 மி.மீ. இரண்டு, ஆறு இஞ்சுக்கு ஒரு வளையம். உங்கள் சுவருக்கு இது பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கலவை 1:1½:3 (சிமென்ட், மணல், ஜல்லி), ஜல்லி சிறுசு. வார்த்த உடனே, ஈரம் காயும் முன்னால், ஆணியால் அதன் முதுகில் "மேல்" என்று கீறி வையுங்கள். தடித்த கம்பி கீழேதான் வர வேண்டும், காய்ந்த பிறகு எது தலை எது கால் என்று யாராலும் சொல்ல முடியாது. ஈரச் சாக்கைப் போர்த்தி நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மாதம் கிடக்கட்டும். அவசரப்படுத்துகிறவர்கள் இருப்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்.

எடை 60 கிலோவுக்குப் பக்கம். ஏணிமேல் நின்று ஏழரை அடி உயரத்தில் செருக வேண்டும், அதனால் இரண்டு பேர் மேலே, ஒருவர் கீழே.

பிப்ரவரி 2

உடைத்த விதம். நானே எல்லாவற்றையும் செய்தேன் என்று நினைக்க வேண்டாம். லிண்டல் செருகியது மேஸ்திரியும் அவர் ஆளும். குறிபோட்டது, ஒயர் மாற்றத்துக்கு ஆள் பிடித்தது, அறுத்தது, செங்கல் எடுத்தது, பூச்சு முடித்தது எங்கள் வீட்டு ஆட்கள்.

எந்தப் பக்கம் அகலப்படுத்துவது என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஒரு பக்கம் சுவிட்சு போர்டு, இன்னொரு பக்கம் குழாய் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். போர்டின் ஒயர் பைப் மேல்தளத்திலிருந்து நேர் செங்குத்தாக இறங்கும், அதனால் எங்கே ஓடுகிறது என்று ஊகிக்கலாம். தண்ணீர்க் குழாய் அப்படி ஒழுங்காகப் போகாது. நாங்கள் போர்டுப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்து எலக்ட்ரீசியனை வைத்து போர்டை நகர்த்தினோம். அறுக்கிற நேரம் அந்த அறையின் மின்சாரம் முழுக்க நிறுத்தி, கட்டிங் மெஷினுக்கு வேறு அறையிலிருந்து ஒயர் இழுத்தோம்.

மேல்தளத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் பலகை வைத்து ஜாக்கி முட்டு (திருகி உயரத்தைக் கூட்டுகிற இரும்புக் கால்). பழைய லிண்டலுக்கு மேலே சுவரில் இரண்டு இடத்தில் துளையிட்டு, குறுக்கே கனமான கட்டை செருகி, அதன் இரு முனைக்கும் முட்டு. அப்புறம்தான் பழைய லிண்டலுக்கு நேர் மேலே இரண்டு வரிசை செங்கல்லை எடுத்தார் மேஸ்திரி. அந்தப் பள்ளத்தில் புது லிண்டல் உட்கார்ந்தது. மேலே விட்ட இடைவெளியில் 1:3 சிமென்ட், மணல் கலவையை, கையில் பிடித்தால் உருண்டை நிற்கிற அளவு மட்டும் ஈரமாக வைத்து, கட்டையால் குத்திக் குத்தி இறுக்கினார். இந்த இடத்தில் தண்ணியாகக் கலவை போட்டால் காய்ந்ததும் சுருங்கி மேல்சுவர் தொங்கும். ஒரு வாரம் போல யாரும் கைவைக்கவில்லை.

பிறகு சுவர். தூக்குக்குண்டு கட்டி இரண்டு முகத்திலும் நேர்க்கோடு. நாலு இஞ்ச் பிளேடு ஒரு இஞ்சுக்கு மேல் இறங்காது, பூச்சைத்தான் வெட்டும். ஏழு இஞ்ச் பிளேடு வாடகைக்கு எடுத்து இரண்டு பக்கமிருந்தும் வெட்டினால் சுவர் சுத்தமாகப் பிரிகிறது. அந்த மெஷின் கையை உதறும், பழக்கமில்லாதவர்கள் தொட வேண்டாம். செங்கல்லை மேல் வரிசையிலிருந்து கீழ்நோக்கி எடுங்கள். கீழே தட்டிவிட்டு மேலே விழவைக்கிறதெல்லாம் வேண்டாம்.

அந்தத் தூசி பற்றி ஒரு வார்த்தை: செங்கல், சிமென்ட் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலில் தங்கினால் போகாது. துண்டைக் கட்டிக்கொள்வது போதாது, N95 மாஸ்க். நோயாளியை அந்த நாட்களில் வீட்டில் வைத்திருக்காதீர்கள். அத்தையை நாத்தனார் வீட்டில் விட்டோம். ஈரப் போர்வையை நடையில் தொங்கவிட்டும் அடுக்களையில் அரிசி டப்பா மூடி வரை சிவப்புத் தூள்.

பழைய லிண்டல் கீழே வந்ததும் திறப்பு ஏழரை அடி ஆகிவிட்டது. நிலை ஏழடி. நடுவில் இருந்த அரையடிக்குப் பனிக்கண்ணாடி போட்டோம். பகலில் லைட் போடாமலே பாத்ரூம் வெளிச்சமாக இருக்கிறது, அத்தைக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது.

பிப்ரவரி 4

ஸ்லைடிங் போடலாமே என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். நானும் அதைத்தான் முதலில் நினைத்தேன். சுவரோடு ஓடும் கதவு இடத்தை அடைக்காது, கை வலு இல்லாதவரும் தள்ளலாம். ஆனால் கதவு ஒதுங்கி நிற்க அதே அகலத்துக்குச் சும்மா சுவர் வேண்டும். எங்களிடம் இருந்த சுவரில் நகர்த்திய போர்டு வந்துவிட்டது. மடக்குக் கதவு வேண்டாம், மடிந்து நிற்கிற கட்டே கஷ்டப்பட்டு வாங்கிய இஞ்ச்களைத் தின்னும்.

வெளிப்பக்கம் திறக்கிற கதவு வைத்தோம். உள்பக்கம் திறக்கும் பாத்ரூம் கதவு ஆபத்து. உள்ளே ஒருவர் விழுந்து கதவுக்குக் குறுக்கே கிடந்தால் வெளியிலிருந்து திறக்கவே முடியாது. சுவரைத் தொடாதவர்கள்கூட இதை மட்டுமாவது மாற்றிவிடுங்கள். தாழ்ப்பாள், வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கிற வகை.

பிப்ரவரி 5

அகலம் சரி, தரை? பாத்ரூம் வாசலில் தண்ணீர் வெளியே வராமலிருக்க ஒரு கிரானைட் பட்டை நிற்கும். இரண்டு இஞ்ச் உயரம் இருந்தாலே சின்ன முன்சக்கரம் முட்டி நின்றுவிடும், உட்கார்ந்திருப்பவர் முன்னால் சாய்வார். அதே 2021 வழிகாட்டியில் வாசல்தடை 12 மி.மீ.க்கு மேல் கூடாது. நாங்கள் பழைய பட்டையை எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் சரிவாகத் தேய்த்த பட்டை போட்டு, உள்தரைச் சரிவைக் கழிவுக் குழிப் பக்கம் திருப்பினோம். உடைத்த இடத்துக்கு அதே டைல்ஸ் கடையில் கிடைக்காது, தேடி அலைய வேண்டாம். அந்தப் பட்டையையே அகலமாக வெட்டச் சொன்னால் காலி இடத்தை மூடிவிடும்.

பிப்ரவரி 11

வாஸ்து கேட்டவருக்கு. எங்கள் வீட்டிலும் பேச்சு வந்தது, பெரியவர் ஒருவர் நிலையை அசைக்கக் கூடாதென்றார். தலைவாசலை யாரும் தொடவில்லை, உள்கதவு அதே இடத்தில்தான் இருக்கிறது, ஒரு பக்கம் விரிந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று என் வீட்டுக்காரர் உட்கார்ந்து விளக்கினார். நல்ல நாள் பார்த்துத் தொடங்கினோம், அவரே வந்து முதல் செங்கல்லை எடுத்துக் கொடுத்தார். வீட்டில் பெரியவர்களைச் சேர்த்துக்கொண்டு செய்யுங்கள்.

பிப்ரவரி 20

சென்னை அடுக்குமாடியில் இருப்பவருக்கு, தயவுசெய்து நிறுத்துங்கள். "செங்கல்லே தெரியவில்லை, எல்லாம் கான்கிரீட்டாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது மைவான் முறையில் கட்டியதாக இருக்கலாம். அலுமினிய அச்சு வைத்து சுவரும் தளமும் ஒன்றாக வார்ப்பது. அந்தச் சுவர்தான் கட்டடத்தின் தூண், உங்களுக்கு மேலே இருக்கிற அத்தனை மாடியும் அதன்மேல். ஒரு இஞ்ச்கூட அறுக்கக் கூடாது. சங்கத்திடம் வரைபடம் கேளுங்கள். உங்களுக்கு மெல்லிய முகமுள்ள நிலை, ஆஃப்செட் கீல், குறுகிய கமோடு நாற்காலி, இதற்குள்தான் வழி தேட வேண்டும். மரநிலையை எடுத்துவிட்டு முகம் குறைந்த நிலை போட்டாலே இரண்டு இஞ்சுக்குமேல் கிடைக்கலாம்.

மார்ச் 1

கேள்வி கேட்டவர் அளவெல்லாம் அனுப்பியிருக்கிறார். திறப்பு 23 இஞ்ச், சுவர் நாலரை, தூண் வைத்துக் கட்டிய வீடு, பரண் கிடையாது, மேலே மாடியில் சுவர் இல்லை, இடப்பக்கம் ஹீட்டர் குழாய். இதைவிட நல்ல நிலைமை அமையாது. செய்யலாம்.

வலப்பக்கம் அகலப்படுத்துங்கள். வெளியே நடை மூன்றடிதான் என்கிறீர்கள், அதனால் 36-க்குக் குறைய வேண்டாம். இன்ஜினியரிடம் கம்பிக் கணக்கு வாங்கி லிண்டலை இந்த வாரமே வார்த்துவிடுங்கள், அது ஊறுகிற மாதத்தில் நிலை, கதவு, கிரானைட் பட்டை எல்லாம் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளலாம், அப்பாவை எங்கே தங்கவைப்பது என்றும் பேசி முடிக்கலாம். பூச்சு வேலைக்கு முன்னால் கைப்பிடிக் கம்பி எங்கே வரும் என்று அப்பாவையே வண்டியில் உட்கார வைத்துக் கையை நீட்டச் சொல்லிக் குறியுங்கள். எந்தக் கை வலுவாக இருக்கிறதோ அந்தப் பக்கம். அந்த இடத்தில் மட்டும் ஓட்டைச் செங்கல்லோ உடைந்த துண்டோ வைக்காமல் கான்கிரீட் அடைக்கச் சொல்லுங்கள், ஆள் எடை முழுக்க அதில்தான் தொங்கும்.